எங்கள் மாதிரியை ஈரமாகவே சோதியுங்கள்

சோதனை மையத்தின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். "மாதிரியை உலர்த்திப் பொடியாக அனுப்பவும்" என்ற ஒற்றை வரியோடு எங்கள் வாழை இழைக் கூழ்ப் பாட்டில் சென்ற வாரம் திரும்பி வந்தது. திறந்தால் பூஞ்சை. உங்களிடம் அது 11 வாரம் இருந்திருக்கிறது.

வாழை மட்டையிலிருந்து நாங்கள் பிரித்தெடுக்கும் செல்லுலோஸ் நானோ இழை, அதாவது தாவர நாரின் அடிப்படைப் பொருளான செல்லுலோஸின் மிக நுண்ணிய இழை, கூழாகத்தான் இருக்கும். நூறில் இரண்டு பங்கு இழை, மீதி தண்ணீர். காயவைத்தால் இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டுக் கலக்கினாலும் பழையபடி பிரியாது. சில பத்து நானோமீட்டர் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்) தடிமன் இழைக்காகத்தான் இத்தனை பாடு. ஒட்டிப்போனால் அது வெறும் நார்த்தூள். இது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தவர் எங்கள் ஆய்வு மாணவி. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரவு முழுவதும் ரயிலில் விழித்திருந்தார். சூடேறினால் கெடும், உறைந்தாலோ பனிப்படிகங்கள் இழைகளை நெருக்கித் திரட்டிவிடும். காலையில் வாசலிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டு, "முறை வரும்போது சொல்கிறோம்" என்று அவரை அனுப்பிவிட்டீர்கள். அவருடைய உதவித்தொகை மார்ச்சோடு முடிகிறது.

ஈர மாதிரி வந்த 10 நாட்களுக்குள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துவிடுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவே.

இந்த இழையைப் பிசினோடு (பிளாஸ்டிக் போல இறுகும் பொருள்) கலந்துதான் உறுதியான பாகங்கள் செய்ய வேண்டும்; ஆனால் அது எளிதில் கலக்காது. இழைக்குத் தண்ணீர் பிடிக்கும், பிசினுக்குப் பிடிக்காது. அதற்காகவே இழையின் மேற்பரப்பை மாற்றிப் பார்க்கிறோம். எந்த மாற்றம் பலித்தது என்று நுண்ணோக்கி காட்டினால்தான் அடுத்த அடி வைக்க முடியும்.

காவிரிக் கரையில் வாழைத் தார் வெட்டியதும் மரம் வயலில் கிடந்து அழுகுகிறது. அதை அப்புறப்படுத்தக் கூலி கொடுப்பவர் விவசாயி. 2019 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில், செல்லுலோஸ் நானோ இழை சேர்த்த பாகங்களால் ஆன காரையே ஜப்பானியர்கள் நிறுத்திக் காட்டினார்கள். அதன் பின்னால் அவர்களுடைய சுற்றுச்சூழல் அமைச்சகம் இருந்தது. இப்போது பிசினுக்கு உறுதியூட்டச் சேர்க்கும் கண்ணாடி இழையின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 கிராம், செல்லுலோஸுக்கு 1.5; அதாவது செல்லுலோஸ் எடை குறைவு. கண்ணாடி இழைக்குப் பதிலாக நம் வாழையை எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்று சொல்ல எங்களுக்கும் ஆசைதான். கையில் இருப்பதோ பூஞ்சை பிடித்த பாட்டில்!

கோபத்தில் எழுதியது மிகையாக இருந்தால் பொறுத்தருளுங்கள். புதிய கூழ் தயாராகிக்கொண்டிருக்கிறது. 10 நாட்களுக்குள் பார்க்க முடியுமென்றால், எந்த நாளில் என்று முன்பே தெரிவியுங்கள். அன்று காலையிலேயே மாணவி உங்கள் வாசலில் இருப்பார்.

பணிவுடன்,
வாழை நார் ஆய்வுக் குழுவில் ஒருவர்,
திருச்சி மாவட்டம்