வளவில் வருசம் முழுக்கப் பூ

எல்லோருக்கும் வணக்கம். மழை தொடங்க முன்னம் ஒரு வேலை இருக்கிறது. நம் மட்டக்களப்பு மணலில் ஊற்றுகிற தண்ணீர் நிற்காது. அதனால் பூச்செடி நடும் இடத்தில் முழங்கால் ஆழத்தில் குழி வெட்டி, தேங்காய்ப் பொச்சுமட்டையைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மாட்டெருவும் மண்ணும் போட்டு மூடுங்கள். மழை விட்ட பிறகும் மட்டை ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

பொங்கலுக்கு மாலை கட்டச் செவ்வந்தி வேண்டுமா? பூக்க 2 மாதம் போல ஆகும், நவம்பர் தொடக்கத்தில் விதையுங்கள். நிலத்தில் வேண்டாம், தாழ்வாரத்தில் சட்டியில். போன வருசம் நான் நிலத்தில் தூவினேன். ஒரே இரவு மழையில் நாற்று முழுக்கப் பக்கத்து வளவுக்குப் போய்விட்டது. அவர்கள் வீட்டில் நல்ல பூ!

சித்திரைக்குக் கொன்றை இருக்கிறது. கச்சான் காற்று, அதாவது வறண்ட மேல்காற்று, வீசும் மாதங்களுக்குப் போகன்விலாதான். தண்ணீரைக் குறைத்தால்தான் அது பூத்துக் கொட்டும். செவ்வரத்தையும் நித்தியகல்யாணியும் எந்த மாதமும் கைவிடாது.

அப்புறம், வேலியில் கார்த்திகைப்பூ தானாக முளைத்தால் விட்டுவிடுங்கள், ஆனால் கிழங்கு நஞ்சு. பிள்ளைகள் தோண்டாமல் பாருங்கள்.

செவ்வரத்தைத் தடி என்னிடம் நிறைய இருக்கிறது. வேண்டியவர்கள் ஞாயிறு பின்னேரம் வாருங்கள், பையும் கொண்டு வாருங்கள்.