வரியில கழிக்கிற நன்கொடைக்கு 75,000 ரூபா எல்லை இன்னும் எத்தின வருஷத்துக்கு?

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வெள்ளவத்தையில ஒரு சின்ன உதவிச் சங்கத்துக்கு கணக்கு வழக்கு பாக்கிறனான், அதால இத எழுதுறன். எங்கட ஆக்கள் நிறையப்பேர் 1980ம் ஆண்டு 31ம் இலக்கச் சட்டத்தின் கீழ தன்னார்வ சமூக சேவை நிறுவனமா பதிஞ்சா வரிப் பிரச்சினையும் அதோட முடிஞ்சுது எண்டு நினைக்கிறாங்க. அது வேற, இது வேற. 2017ம் ஆண்டு 24ம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தில தரும நிறுவனத்திட வரி வாற வருமானத்துக்கு 14 வீதம் எண்டு இருக்கு, டின் நம்பர் (வரி செலுத்துறவர அடையாளம் காட்டுற இலக்கம்) எடுக்கோணும், நவம்பர் 30க்குள்ள வரி ரிட்டர்னும் போடோணும்.

காசு தாறவருக்கு வரியில கழிக்கிறதெண்டா அது இன்னொரு படி. நிதி அமைச்சர் வர்த்தமானியில அங்கீகரிச்ச தரும நிறுவனமா இருக்கோணும், அதுவும் நோயாளிகளையும் வறியவங்களையும் ஒரு இடத்தில வச்சுப் பராமரிக்கிற நிறுவனமா இருந்தாத்தான் அந்த அங்கீகாரம். மலையகத்துப் பிள்ளைக்கு வகுப்புக் காசு கட்டுற சங்கம், டயலிசிஸ் செய்யிற ஆளுக்கு மாசாமாசம் உதவி செய்யிற சங்கம் எல்லாம் வெளிய நிக்குது. வீட்டில இருக்கிற நோயாளி நோயாளி இல்லையா? ரிசீட் புத்தகத்த நீட்டினா குடுக்கிறவர் முதல் கேக்கிறதே "இத டெக்ஸ்ல கழிக்கலாமா" எண்டுதான், ஏலாது எண்டு சொன்னா ஐயாயிரம் தர வந்தவர் ஆயிரத்தோட நிக்கிறார், அவரில பிழை சொல்லவும் ஏலாது.

அங்கீகாரம் கிடைச்ச இல்லத்துக்கு குடுத்தாலும் தனி ஆள் ஒருத்தர் கழிக்கக்கூடியது வரிக்குரிய வருமானத்தில மூண்டில ஒரு பங்கு, இல்லாட்டி 75,000 ரூபா, எது குறைவோ அது. கம்பனிக்கு அஞ்சில ஒரு பங்கு, இல்லாட்டி அஞ்சு லட்சம். இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2018 ஏப்ரல்ல டொலர் 155 ரூபா கிட்ட நிண்டது, இப்ப 300க்கு மேல, அரிசி பருப்பு மருந்து விலைய நான் சொல்லத் தேவையில்ல, எல்லை மட்டும் அசையவே இல்ல. இன்னொண்டு, காசாக் குடுத்தாத்தான் கணக்கு, மூட்டை மூட்டையா அரிசி இறக்கிக் குடுத்தாலும் கழிக்க ஏலாது, குடுக்க முன்னமே இது தெரிஞ்சிருக்கிறது நல்லம்.

சிறுவர் இல்லம், முதியோர் இல்லம், அங்கவீனர் இல்லம் நடத்துறவங்களுக்கும் ஒரு விஷயம். உங்கட பிக்ஸ்ட் டெபொசிட் வட்டி முழுக்க அந்த இல்லத்தில இருக்கிறவங்கட பராமரிப்புக்குத்தான் போகுது எண்டு உள்நாட்டு இறைவரி ஆணையாளர் நாயகத்துக்குக் காட்டினா அந்த வட்டிக்கு வரிவிலக்கு இருக்கு. 2025 ஏப்ரல்ல இருந்து வட்டியில வங்கி வரியாப் பிடிக்கிறது 5 வீதத்தில இருந்து 10 வீதமா கூடிட்டுது, அதால இத விட்டுட்டு இருக்க வேணாம். காட்டுறதெண்டா பில்லு வேணும், கூட்டக் குறிப்பு வேணும், ஓடிட் பண்ணின கணக்கு வேணும். பொருளாளர் மாறேக்க பைல் அவர்ட வீட்டு அலுமாரியிலயே கிடக்கிற பழக்கத்த முதல்ல விடோணும்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னம் நிதி அமைச்சு இந்த 75,000த்த கூட்டோணும், கல்விக்கும் வீட்டில இருக்கிற நோயாளிக்கும் உதவுற சங்கங்களையும் அங்கீகாரத்துக்குள்ள எடுக்கோணும். எங்கட எம்பிமார் ஆராவது இத பாராளுமன்றத்தில எழுப்புவாங்களா? உங்கட பத்திரிகையும் வரிக் கணக்காளர் ஒருத்தர வச்சு கிழமைக்கு ஒருக்கா கேள்வி பதில் போட்டா எங்களப் போல சின்னச் சங்கங்களுக்குப் பெரிய உதவி.

இப்படிக்கு,
சங்கப் பொருளாளர் ஒருவர்,
கொழும்பு 06