மழைக்கு முன்னால் ஒரு மடல்: பழைய வண்டியில் மலையேறுகிறவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வைகாசி பிறந்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். போடியில் நமக்குக் காற்றும் தூறலும்தான். மலை உச்சியில் இருக்கிற போடிமெட்டைத் தாண்டிவிட்டால் பூப்பாறையிலிருந்து தேவிகுளம் வரை நனைந்துகொண்டேதான் வண்டி ஓட்ட வேண்டும். ஏலத்தோட்டத்துக்குப் போய்வருகிறவர்களும் சரி, மூணாறு, வாகமண், கொச்சி என்று நெடுந்தூரம் கிளம்புகிறவர்களும் சரி, நம் பட்டறைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் பழைய வண்டிகள். இரும்பு பிளாக் (இரும்பு சிலிண்டர்) புல்லட், எஸ்டி, ஆர்எக்ஸ் 100, முதலில் வந்த கரிஸ்மா, பழைய தண்டர்பேர்ட். இவற்றை நம்பி மலையேறுகிற உங்களுக்காகத்தான் இந்த மடல்.

முக்கியமாக ஒன்று கேட்டுக்கொள்கிறோம். வண்டி வழியில் நின்றுவிட்டால் உடனே எதையும் கழற்ற வேண்டாம். எப்படி நின்றது என்பதை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு வந்து சொல்லுங்கள். சுவிட்சை அணைத்த மாதிரி பட்டென்று அடங்கியதா? இரண்டு மூன்று தடவை இழுத்து, திணறி, மெல்ல அடங்கியதா? சூடாக இருக்கும்போது மட்டும் நிற்கிறதா? எவ்வளவு நேரம் கழித்துத் திரும்ப ஸ்டார்ட் ஆனது? இந்த நாலு கேள்விக்கு விடை கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. விடை தெரியாமல் ஸ்பானரை எடுத்தால், நல்ல பாகத்தையெல்லாம் மாற்றிக் காசைக் கரைப்பதுதான் நடக்கும்.

சமீபத்தில் வந்த ஒரு புல்லட்டைச் சொல்கிறோம். போடியிலிருந்து மெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவு. இந்த வண்டி பாதி மலை ஏறியதும் நின்றுவிடும். கால் மணி நேரம் போனால் ஒன்றும் நடக்காதது மாதிரி கிளம்பும். வேறு இரண்டு இடத்தில் பார்த்து கார்பரேட்டர் புதிது, காயில் புதிது. ஆனாலும் அதே கதை. உரிமையாளரிடம் உட்கார்ந்து கேட்டோம். பட்டென்று நிற்கவில்லை, திணறித்தான் அடங்குகிறது என்றார். அப்படியென்றால் கோளாறு கரண்டில் இல்லை, பெட்ரோலில். கூடவே போய், நின்ற இடத்தில் டேங்க் மூடியைத் திறந்தோம். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போன சத்தம் தெளிவாகக் கேட்டது. மூடியில் இருக்கிற காற்றுத் துளையில் பாலிஷும் தூசியும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று வர வழியில்லாமல், கடைசியில் பெட்ரோல் இறங்குவதே நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் நிறுத்தினால் மெல்லக் கசிந்து காற்று புகுந்து, திரும்ப ஓடுகிறது. மெல்லிய கம்பி விட்டு அடைப்பை எடுத்து, காற்றடித்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு அந்த வண்டி நிற்கவில்லை.

ஆகவே திணறி நின்றால் முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். சத்தம் வராவிட்டால் பெட்ரோல் பைப்பைக் கழற்றி, தடங்கலில்லாமல் ஊற்றுகிறதா என்று பாருங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பில் உள்ள வடிகட்டியில் அடைப்பு. நன்றாக வந்தால் கார்பரேட்டருக்குள் ஜெட்டோ (பெட்ரோல் போகும் சிறு துளை) ஃப்ளோட்டோ (மிதவை) தான் கோளாறு.

பட்டென்று நிற்கிற வண்டிக்கு வேறு வழி. ஃபியூஸ், பேட்டரி டெர்மினல், எர்த் வயர், கில் சுவிட்ச் என்று இந்த வரிசையில் பார்த்துக்கொண்டு போங்கள். பிறகு பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, உலோகப் பகுதி என்ஜினில் படும்படி வைத்துக் கிக்கரை உதையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பற்றும். நீல நிறத்தில் கனமாகப் பொறி வந்தால் கரண்ட் சரி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் சரியில்லை.

பாயிண்ட் (பொறிக்காகக் கரண்டை விட்டு விட்டுத் துண்டிக்கும் முனைகள்) உள்ள பழைய புல்லட்டில், சூடானதும் மிஸ் அடித்து நின்று, ஆறினால் ஓடுவதற்குப் பெரும்பாலும் கன்டென்சர்தான் காரணம். பாயிண்ட் மூடியைத் திறந்து பாருங்கள். முனைகள் கறுத்துக் குழி விழுந்திருந்தாலும், உதைக்கும்போது பாயிண்ட்டிலேயே பெரிதாகப் பொறி தெறித்தாலும் கன்டென்சரை மாற்றிவிட வேண்டியதுதான். விலை அதிகமில்லாத சாமான். மலைப்பயணம் போகிற புல்லட்காரர் ஒவ்வொருவரும் ஒன்று கையில் வைத்திருக்க வேண்டும். பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் வைத்து அளந்துதான் வைக்க வேண்டும், கண்ணளவு உதவாது.

மழையில் மட்டும் மிஸ் அடிக்கிறது என்று நிறையப் பேர் சொல்கிறீர்கள். ராத்திரியில், விளக்கு இல்லாத இடத்தில் வண்டியை ஓடவிட்டு, பிளக் கேப்பிலும் தடித்த பிளக் வயரிலும் லேசாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் நீலமாக நூல் நூலாகப் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அந்த நேரத்தில் கை மட்டும் வைத்துவிடாதீர்கள். கேப்பையும் வயரையும் மாற்றினால் போதும்.

பெட்ரோலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2022-ல் பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. இப்போது 20 சதவீதம் கலந்தது வருகிறது. நம் வண்டிகள் செய்யப்பட்ட காலத்தில் இதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. பழைய ரப்பர் பைப், கார்பரேட்டர் ஓ-ரிங், ஃப்ளோட் வால்வின் ரப்பர் முனை எல்லாம் உப்பியோ விறைத்தோ போய்க் கசிய ஆரம்பிக்கின்றன. அதைவிடப் பெரிய தொந்தரவு தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். மழைக்காலத்தில் பாதி டேங்கோடு வாரக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியில் இது நடக்கும். ரிசர்வுக்குத் திருப்பியதும் வண்டி நின்றது என்று சொல்கிறவர்களின் டேங்கை இறக்கிப் பார்த்தால் துரு அல்லது தண்ணீர், இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்கிறது. ரிசர்வ் அடியிலிருந்துதானே எடுக்கும்! கார்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால், அடியில் தனியாக ஒரு படலம் நிற்பது தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் வண்டியை எடுக்கப் போவதில்லை என்றால் டேங்கை நிரப்பி வையுங்கள், கார்பரேட்டரை வடித்துவிடுங்கள். எத்தனால் தாங்கும் பைப்பும் ஓ-ரிங்கும் வாங்கி வைத்திருக்கிறோம். இந்த சர்வீஸில் எல்லாப் பழைய வண்டிக்கும் மாற்றிவிடலாம் என்பது எங்கள் எண்ணம்.

மெட்டுக்கு மேலே போனதும் வண்டி இழுக்கவில்லை, கார்பரேட்டரைத் திருகிவிடலாமா என்று சிலர் போனில் கேட்கிறீர்கள். வேண்டாம். போடியிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் ஏறுகிறீர்கள்; அந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடும். பெட்ரோல் கொஞ்சம் அதிகமாகப் போகிற மாதிரி ஆகி, வண்டி லேசாக மந்தமாவது இயற்கை. அங்கே சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கினால் பெட்ரோல் போதாமல் என்ஜின் சூடாகும். மேலேயே குடியிருந்து ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் தனியாக ஜெட் பார்த்துப் போட்டுத் தருகிறோம்.

புல்லட் ஆயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். இரும்பு பிளாக் வண்டியில் ஆயிலுக்குத் தனி அறை உண்டு. பல நாள் நின்றால் அந்த ஆயில் பம்ப் வழியாகக் கசிந்து கிராங்க் பக்கம் இறங்கிவிடும். அளவுக்கோலை எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைந்த மாதிரித் தெரியும். உடனே ஊற்றிவிடுகிறார்கள். பிறகு ஸ்டார்ட் செய்ததும் பொகை பொகையாகத் தள்ளி, மூச்சுக் குழாய் வழியாக ஆயில் வெளியே வருகிறது. பிஸ்டன் மோதிரம் போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து போர் அடிக்க வேண்டும் என்று பயந்துபோய் வருகிறார்கள். வண்டியைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆயில் திரும்பி அறைக்குப் போன பிறகு அளவு பாருங்கள். அப்போதும் குறைந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இறக்கத்தில்தான் எங்களுக்கு உங்களைப் பற்றிய கவலை அதிகம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். டிரம் பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வந்தால் லைனர் சூடாகி வாடை வரும், அதற்கு அடுத்தது பிடிமானம் போகும். வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீர் ஊற்ற வேண்டாம். டிஸ்க் உள்ள வண்டிக்கு பிரேக் ஆயிலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிப் பழசானால் அது 155 வரை இறங்கிவிடும். இறக்கத்தில் லீவர் திடீரென்று கைக்குள் வந்து ஒட்டிக்கொள்வது இதனால்தான்.

எஸ்டி வைத்திருப்பவர்கள் மட்டும் இதை இரண்டு தடவை படிக்கவும். உங்கள் வண்டியில் பெட்ரோலோடு கலந்த ஆயில்தான் பிஸ்டனுக்குப் போகிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரில் நீண்ட இறக்கம் இறங்கினால் என்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ போகாது. பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளும். இறங்கும்போது அவ்வப்போது ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். ஆர்எக்ஸ் 100-ல் ஆயில் பம்ப் தனியாக இருந்தாலும் இந்தப் பழக்கம் நல்லதுதான்.

தேவிகுளம் கேப் ரோட்டுப் பனிமூட்டத்துக்காகக் கூடுதல் விளக்கு மாட்டுகிறவர்கள், 55 வாட் விளக்கு இரண்டு போட்டால் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். பழைய புல்லட்டின் ஆல்டர்நேட்டருக்கு அது தாங்காது. ஆம்ப் மீட்டர் முள் மைனஸ் பக்கமே நின்றால் பேட்டரி வடிகிறது என்று அர்த்தம். குறைந்த வாட் எல்இடி போட்டு, ரிலே வைத்து வயரிங் செய்து தருகிறோம். மற்ற 12 வோல்ட் வண்டிகளுக்கு மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபையரைப் பார்க்க வேண்டும்.

டயரில் பட்டன் இருக்கிறதே என்று ஓட்டாதீர்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 3218 என்றால் 2018-ம் ஆண்டின் 32-வது வாரம் செய்தது. ரப்பர் விறைத்த டயர் ஈர ரோட்டில் பிடிக்காது. செயினை மண்ணெண்ணெயில் கழுவி 90 நம்பர் ஆயில் விடுங்கள், பெட்ரோலில் கழுவ வேண்டாம். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஆர்சி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். கேரளா போவதற்கு முன்னால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்றிய பழைய பாகத்தை எப்போதும் போல உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம், எதற்காக மாற்றினோம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்கு முந்தைய சர்வீஸுக்கு வண்டி விடுகிறவர்கள் முந்தின நாள் சாயங்காலமே கொண்டுவந்து விட்டுவிடுங்கள். டேப்பட் அளவை (வால்வைத் தள்ளும் பாகத்தின் இடைவெளி) என்ஜின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க முடியும். இரும்பு பிளாக் புல்லட்டில் புஷ் ராட் விரலால் சுற்றவும் வேண்டும், மேலும் கீழும் ஆடவும் கூடாது. ராத்திரி முழுக்க ஆறிய வண்டியில் காலையில் முதல் வேலையாக அதைப் பார்த்துவிடுகிறோம்.

அன்புடன்,
உங்கள் பட்டறை
போடிநாயக்கனூர்