காலி வீதியின் எந்தப் பக்கம்?

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு இடமாற்றம் உறுதியாகிவிட்டதும், நீங்கள் இருவரும் யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டிவிட்டு அவளோடு இங்கே வரத் தீர்மானித்திருப்பதும் எனக்குப் பெரிய ஆறுதல். உன் மனைவி சிறு சத்தத்துக்கும் விழித்துக்கொள்பவர் என்பதால், தொடர்மாடியைக் காலி நகருக்குப் போகும் காலி வீதியின் கடற்பக்கத்தில் எடுப்பதா, உட்பக்கத்தில் எடுப்பதா என்று கேட்டிருக்கிறாய். ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் நகரத்து வெளிகளில் எழும் ஓசைகளை மனிதர் எப்படி உணர்கிறார்கள் என்பதைப் பற்றிச் சில காலமாகவே வாசித்தும் கவனித்தும் வருகிறேன். ஆகையால் சற்று நீட்டி எழுதுவதைப் பொறுத்துக்கொள்.

முதலில் சட்டம் சொல்லும் கணக்கு. 1996இல் வர்த்தமானியில் வெளிவந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகளின்படி, மாநகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபெல், இரவில் 50 டெசிபெல் என்பது வரம்பு. அந்த விதிகளில் இரவு என்பது மாலை 6 மணிக்கே தொடங்குகிறது. காலி வீதியில் பஸ்கள் நிரம்பி வழிவதும் அந்த நேரத்தில்தான். வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம் போன்றவற்றைச் சுற்றி 100 மீற்றர் தூரம் அமைதி வலயமாகும். டெசிபெல் கணக்கு நம் வழமையான கூட்டல் கணக்கு அன்று. ஒரு பஸ் இரைந்துகொண்டு நிற்குமிடத்தில் அதே போன்ற இன்னொன்று வந்து நின்றால் கருவியில் 3 டெசிபெல் மட்டுமே கூடும். ஆனால் ஏறக்குறைய 10 டெசிபெல் கூடினால்தான் நம் காது அதை இரு மடங்கு சத்தமாகக் கொள்ளும். மேலும், நாள் முழுவதற்குமான சராசரியை எடுக்கும்போது, நள்ளிரவில் ஒரே ஒருமுறை அலறிய ஹோர்ன் அந்தச் சராசரிக்குள் கரைந்துபோகிறது. அதனால் உறக்கம் கலைந்தவருக்கோ அந்த இரவு முழுவதற்கும் அந்த ஒரு ஒலிதான் அடையாளமாக இருக்கும்.

கருவி அளப்பது ஒன்று, நாம் கேட்பது இன்னொன்று என்பதை இங்கே கடற்கரையோர மரீன் டிரைவில் நடக்கும்போது நன்றாக உணரலாம். ஒரு பக்கம் அலை, மறுபக்கம் வாகனங்கள். இரண்டும் விட்டுவிடாமல் தொடர்ந்து இரையும் ஓசைகள்தான். காற்றடிக்கும் மாதங்களில் அலையின் ஓசை வாகனங்களை விஞ்சியும் ஒலிக்கிறது. ஆயினும் அலைச் சத்தம் தாங்க முடியவில்லை என்று இங்கே எவரும் முறையிட்டு நான் கேட்டதில்லை. சுவீடனில் சில ஆய்வாளர்கள் ஒரே இரைச்சலைச் சிலருக்கு அருவியின் ஓசை என்றும், சிலருக்கு ஆலை இயந்திரத்தின் ஓசை என்றும் சொல்லிக் கேட்கச் செய்து, 2016இல் முடிவை வெளியிட்டார்கள். அருவி என்று நம்பியவர்களே களைப்பு ஆறியதாக உணர்ந்தார்கள். காதில் விழுந்தது ஒன்றாகவே இருந்தும், அது எங்கிருந்து வருகிறது என்ற நம்பிக்கை அதை வேறொன்றாக்கிவிட்டது.

இதற்கு அடுத்தபடியாக நான் முக்கியமாகக் கருதுவது, ஓசை நம் கட்டுக்குள் இருக்கிறதா என்பதை. டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1972இல் வெளியிட்ட பரிசோதனைகளில், எப்போது வரும் என்று தெரியாமல் வெடிக்கும் சத்தத்துக்கு நடுவே சிலரை வேலை செய்ய வைத்தார்கள். ஒரு பகுதியினரிடம், வேண்டுமானால் அழுத்திச் சத்தத்தை நிறுத்தலாம் என்று ஒரு பொத்தானைக் கொடுத்திருந்தார்கள். பெரும்பாலானோர் அதை அழுத்தவேயில்லை. இருந்தும், நிறுத்தும் உரிமை தம் கையில் இருக்கிறது என்று அறிந்திருந்தவர்கள், சத்தம் ஓய்ந்த பின்னர் கொடுக்கப்பட்ட வேலைகளை மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். எங்கள் ஒழுங்கையில் இதைக் கண்கூடாகப் பார்க்கிறேன். பழைய வீடொன்றை இடித்துவிட்டுத் தொடர்மாடி எழுப்புகிறார்கள். அத்திவாரத் தூண்களை இறக்கிய நாட்களில் எவரும் எதையும் அறிவிக்கவில்லை. சுவர் அதிரும்போதுதான் வேலை தொடங்கிவிட்டதென்று தெரியும். கர்ப்பிணிப் பெண்ணொருவர் பகல் முழுவதும் உறவினர் வீட்டில் போய் இருந்துவிட்டு வந்தார். பின்னர் அயலவர்கள் கூடிப் பேசி, வேலை நேரத்தை முதல்நாளே படலையில் எழுதி ஒட்டும்படி கேட்டுக்கொண்டோம். சத்தம் துளியும் குறையவில்லை. ஆனால் மத்தியான உறக்கத்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது, பிள்ளையை எப்போது படிக்க வைப்பது என்று ஒவ்வொரு வீடும் தானே தீர்மானிக்க முடிந்ததால், ஒழுங்கையில் இருந்த கோபம் பெருமளவு தணிந்தது. இந்தச் சிறிய மரியாதையைக் கட்டடம் கட்டும் எல்லோருக்கும் சட்டமாகவே விதிக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அமைதியைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனெனில் அமைதி என்றாலே நல்லது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்குச் சட்டம் வந்தபோது காலி வீதி வெறிச்சோடிக் குயிலின் குரல் தெளிவாகக் கேட்டதென்று பலர் மகிழ்ந்தார்கள். உனக்கும் எனக்கும் ஊரடங்கின் மௌனம் வேறு. போர் நடந்து, சோதனைச் சாவடிகள் இருந்த காலத்தில், ஒழுங்கை திடீரென்று அடங்கினால் அடுத்து வரப்போவது எந்த வாகனம் என்றுதான் நாம் காது கொடுத்துக் கிடந்தோம். 2022இல் எரிபொருள் இல்லாமல் வீதிகள் அடங்கிக் கிடந்ததும் எவருக்கும் இன்பமான அமைதியாக இருக்கவில்லை. சுதந்திர தின அணிவகுப்பு ஒத்திகைக்காக விமானங்கள் தாழப் பறக்கும்போது, காலிமுகத்திடலில் சிறுவர்கள் ஆரவாரத்தோடு அண்ணாந்து பார்க்கிறார்கள். போரில் குண்டு வீசிய கிபிர் விமானத்தின் இரைச்சலோடு வாழ்ந்து வந்த உன் மனைவி அதை அப்படிக் கேட்கப் போவதில்லை. பெப்ரவரி 4க்கு முந்திய நாட்களில் அவருக்கு முன்கூட்டியே அறிவித்துவை.

ஒலிச்சூழலை ஆராய்கிறவர்கள் இதையெல்லாம் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்கு நம்பிக்கை தருகிறது. 2014இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 12913 என்ற சர்வதேச நியமம், ஓர் இடத்தின் ஒலிச்சூழல் என்பது அங்குள்ள மனிதர் தம் சூழ்நிலையில் அதை உணர்ந்து விளங்கிக்கொள்ளும் விதமே என்று வரையறுக்கிறது. ஆகவே கருவியோடு மட்டும் போகாமல், ஆட்களைச் சேர்த்துக்கொண்டு பேசாமல் நடந்து, இடையிடையே நின்று, இந்த இடம் இதமாக இருக்கிறதா, எரிச்சலூட்டுகிறதா, கலகலப்பாக இருக்கிறதா, சலிப்பாக இருக்கிறதா என்று கேட்டுப் பதிகிறார்கள். புறக்கோட்டைக்கு இது மிகவும் பொருந்தும். அங்கே நடைபாதை வியாபாரிகள் தமிழிலும் சிங்களத்திலும் விலை கூவுவது கருவியில் உயர்ந்த எண்ணாகவே பதியும். ஆனால் அந்தக் குரல்கள் அடங்கினால் அவர்களுடைய பிழைப்பும் அடங்கும். பேர வாவிக் கரையிலோ விகாரமகாதேவி பூங்காவிலோ எதையாவது மாற்றியமைக்க நினைப்பவர்கள், முதலில் அங்கே நாள்தோறும் அமர்கிறவர்களிடம் இப்படிக் கேட்க வேண்டும்.

வழிபாட்டு ஒலிகள்தான் மிகவும் நுட்பமான விடயம். கொட்டாஞ்சேனையில் கோவில் மணியும் தேவாலய மணியும் பள்ளிவாசலின் பாங்கும் விகாரையின் பிரித் ஓதலும் ஒரே நாளில் காதில் விழும். ஆடிவேல் ஊர்வலத்தின் நாதஸ்வரம் நமக்கு நெஞ்சை நிறைப்பது. அடுத்த வீட்டில் காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு அது என்னவாக இருக்கும் என்பதையும் நாம்தான் நினைக்க வேண்டும். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாதென்று பணித்தது, எந்த மதத்தவரையும் தனித்து நிறுத்தாமல் எல்லோருடைய உறக்கத்தையும் காப்பதாக இருந்தது. அந்தத் தீர்ப்பை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

ஏனென்றால், எல்லாம் மனம் கொள்ளும் விதம்தான் என்று சொல்லி இரைச்சலை விட்டுவிட முடியாது. உறங்குகிறவர் விழிக்காவிட்டாலும் வாகனச் சத்தத்துக்கு அவருடைய இதயத்துடிப்பு கூடும். உலக சுகாதார அமைப்பு ஐரோப்பிய நாடுகளுக்காக 2018இல் வெளியிட்ட பரிந்துரையில், இரவு வீதிப் போக்குவரத்துக்கு 45 டெசிபெல்தான் எல்லை. பழகிவிட்டோம் என்று நாம் சொன்னாலும் உடல் முழுவதுமாகப் பழகுவதில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். கடலைப் பார்த்த வீடு என்று தரகர் ஆசை காட்டுவார். கடலுக்கும் வீட்டுக்கும் இடையில் ரயில் பாதையும் மரீன் டிரைவும் இருக்கின்றன. விடியற்காலையிலேயே ரயில் ஹோர்ன் அடிக்கும். காலி வீதியை நேரே பார்த்த வீடும் வேண்டாம். கடற்பக்கத்து ஒழுங்கைகளில், இரு வீதிகளுக்கும் நடுப்பகுதியில் பார். முன்னால் நிற்கும் கட்டட வரிசையே வீதியின் இரைச்சலைப் பெருமளவு தடுத்துவிடும். அலையோசை மட்டும் மெல்ல வரும். படுக்கையறை யன்னல் எந்தப் பக்கம் திறக்கிறது, பக்கத்துத் தொடர்மாடியின் மின்பிறப்பாக்கி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, அயலில் வெறும் காணி ஏதும் கட்டடத்துக்காகக் காத்திருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்த பிறகே முற்பணம் கொடு.

ஆனால் நீ மட்டும் வந்து பார்த்து முடிவு செய்யாதே. மனைவியையும் கூட்டி வா. என் வீட்டில் சில இரவுகள் தங்குங்கள். வாரநாள் ஒன்றும் ஞாயிற்றுக்கிழமையும் அதில் அடங்கும்படி பார்த்துக்கொள், இரண்டு நாட்களிலும் இந்த வீதி வெவ்வேறாக ஒலிக்கும். எந்தத் திகதிக்குப் புறப்படுகிறீர்கள் என்று எழுதினால், பார்க்க வேண்டிய வீடுகளின் உரிமையாளர்களிடம் இரவில் வருவதற்கு முன்கூட்டியே அனுமதி கேட்டு வைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழன்