பாட்டு எங்கே தம்பி?

மச்சான்,

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்குப் பிரஷர் குறைந்துவிட்டது. வைரவர் கோயில் கிணறு அப்படியேதான் கிடக்கிறது. நீ அனுப்பிய காசு யார் வாய்க்குள் போனது என்று உனக்கே தெரியும். விஷயத்துக்கு வருகிறேன்.

குட்டியன் ஒரு வேலை பார்த்திருக்கிறான். மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்தபோது போய் அந்த இரைச்சலைப் பதிந்தான். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு முந்திய தீர்த்தமெடுப்புக் கூட்டத்தோடு நடந்து பறையைப் பதிந்தான். இரண்டையும் போனிலேயே வெட்டி ஒட்டி, நடுவில் நம் சித்தப்பாவின் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷினையும் ஓடவிட்டிருக்கிறான். பாட்டு என்று சொல்ல எனக்கே வாய் வரவில்லை. ஆனால் ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேட்டபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அதை ஒரு வானொலிக்கு அனுப்பியிருக்கிறான். “தம்பி, இதில் பாட்டு எங்கே?” என்று கேட்டார்களாம். பெடியன் அன்றிலிருந்து யாரோடும் கதைக்கிறான் இல்லை.

எனக்குக் கோபம் ஏனென்றால், இந்தக் கூத்தைத் தொடங்கிவைத்ததே வானொலிக்காரர்தான். அதுவும் நீ இருக்கிற பரிஸில். 1948 இல் பிரெஞ்சு வானொலியில் பொறியியலாளராக இருந்த பியர் ஷெஃபேர், பத்திஞோல் ரயில் நிலையத்துக்குப் போய் எஞ்சின் சத்தங்களைப் பதிந்தார். டேப் இல்லை, இசைத்தட்டுத்தான். தட்டில் ஒரு வரியை வட்டமாக மூடிவிட்டால் ஊசி அதற்குள்ளேயே சுற்றும், சில்லுச் சத்தம் திரும்பத் திரும்ப வரும். அப்படிக் கோத்துச் செய்ததை ஒக்டோபர் 5 ஆம் திகதி, ‘சத்தங்களின் கச்சேரி’ என்று பெயர் வைத்து அரச வானொலியே ஒலிபரப்பியது. அதற்கும் முன்னால், 1944 இல், கெய்ரோவில் ஹலிம் எல் தப் என்பவர் பெண்கள் பாடி ஆடும் சார் என்ற பேயோட்டும் சடங்கைக் கம்பியில் ஒலி பதியும் ரெக்கோடரில் பதிந்து, வானொலி நிலையத்திலேயே எதிரொலி ஏற்றினார். குட்டியன் செய்தது இவருக்குத்தான் கிட்ட.

அரசாங்கக் காசு வந்தால் கலை செத்துப்போகும், தட்டு வெளியிடுகிற சின்ன லேபிள்தான் சுத்தம் என்று தேத்தண்ணிக் கடையில் மேசையைத் தட்டுவாயே, இதற்கு என்ன சொல்கிறாய்? கொலோன் 1951, மிலான் 1955, வார்சா 1957, பிபிசி 1958: இப்படிப் புதுச் சத்தங்கள் செய்த இந்த ஒலிக்கூடங்கள் எல்லாமே வானொலிகளுடையவை. வார்சாவில் அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சி. அந்த மெஷின்களைத் தனியாள் ஒருவன் வாங்கவே முடியாது. நாடகத்துக்குச் சத்தம் செய்ய வானொலிக்கும் அவை தேவைப்பட்டன. எத்தனை தட்டு விற்றது என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் கொடுத்த கைதான் கழுத்தையும் பிடிக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். சோவியத்தில் அரசு அச்சிடாத பாட்டுகளைப் பழைய எக்ஸ்ரே படங்களில் இசைத்தட்டாக வெட்டிக் களவாக விற்றார்கள். யாரோ ஒருவரின் விலா எலும்புக்கு மேல் ஜாஸ்! 1964 இல் மெலோடியா என்ற அரச இசைத்தட்டு நிறுவனம் வந்த பிறகு ஒரே கடைதான். நமக்கும் வேறு லேபிள் இருந்ததா? போர்க்காலத்தில் பற்றரி தடையாயிருந்தபோது சைக்கிளைக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள் நாம். கசெட் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

உனக்கும் ஒரு புள்ளி தருகிறேன். ஷெஃபேரின் ஆட்கள் செய்த பழைய பதிவுகளை 2012 இலிருந்து மறுபடி இசைத்தட்டாகக் கொண்டுவந்தது வியன்னாவின் சின்ன லேபிள், எடிசியோன்ஸ் மெகோ.

இன்றைக்கு மெஷின் குட்டியனின் சட்டைப் பைக்குள் இருக்கிறது. இல்லாதது வானொலியில் ராத்திரி ஒரு மணித்தியாலம். ஜோன் பீல் பிபிசியில் 1967 இலிருந்து 2004 இல் சாகும்வரை யாருக்கும் தெரியாத குழுக்களைப் போட்டுக்கொண்டிருந்தார். நீ சனிக்கிழமைகளில் போய் செய்தி வாசிக்கிற அந்த ரேடியோவில் பத்து மணிக்குப் பிறகு என்ன ஓடுகிறது? மரண அறிவித்தலும் நகைக்கடை விளம்பரமும்தானே? அந்த நேரத்தைக் கேட்டு வாங்கு. மெல்லமாய்க் கேட்காதே, உன் பழைய குரலில் கேள்.

ஃபைலை வைபரில் அனுப்பியிருக்கிறேன். போன் ஸ்பீக்கரில் கேட்டால் பேச்சு விழும். வரும்போது சொக்லேட் வேண்டாம். மைக்குக்குக் காற்று மறைக்கிற அந்த ரோம உறை ஒன்று வாங்கி வா. நந்திக்கடல் பக்கம் பதிந்ததெல்லாம் வெறும் காற்று.

உன்,
மொட்டையன்