மிருதங்கத்தை வைத்துவிட்டுப் போன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன் எடுக்கிறாய் இல்லை. வாட்ஸ்அப்பில் போட்டால் நீலச் சரி விழுகிறது, பதில் வருகிறதில்லை. ஆனால் நான் இங்கே எழுதுகிறதை விடாமல் வாசிக்கிறாய் என்று உன் அம்மா பரந்தன் சந்தியில் கண்டபோது சொன்னா. சரி, உன் பெயரைப் போடாமல் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

மே 18, முள்ளிவாய்க்கால் நினைவு நாளுக்கு முந்தின ஞாயிறு. சேர்ச் வாசலில் கஞ்சி காய்ச்சிச் சிரட்டையில் கொடுத்தோம். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். 2009-இல் போரின் கடைசியில் மாத்தளன், முள்ளிவாய்க்கால் கரையில் அடைபட்ட சனம் குடித்த அதே கஞ்சி. கஞ்சி குடித்த வாய் காயும் முன்னே நான் உள்ளே வந்து 93-ஆம் சங்கீதத்தை எடுத்தேன். ‘கர்த்தர் ராஜரிகம்பண்ணுகிறார், மகத்துவத்தை அணிந்துகொண்டிருக்கிறார்.’ அதுவும் துரித காலத்தில், கைதட்டலோடு. இரண்டாம் அடியில் உன் கை நின்றது. மிருதங்கத்தை மடியிலிருந்து இறக்கிப் பாயில் வைத்துவிட்டு எழும்பிப் போனாய். வேப்பமரத்தடியில் வந்து கேட்டேன். நீ ஒரே கேள்விதான் கேட்டாய்: “அப்ப மாத்தளனில எங்கட பெரியக்காவைப் புதைச்ச அண்டைக்கு ஆர் ராசா?”

“எல்லாம் அவருடைய சித்தம் தம்பி” என்றேன். செத்த வீட்டில் எல்லாரும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிற அதே பேச்சு. பின்னேரமே எனக்கு அது கசந்தது.

அந்தக் கசப்போடுதான் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தைக் கையில் எடுத்தேன். பரலோகத்தில் பாடுகிற பாட்டெல்லாம் அங்கேதானே கிடக்கிறது. இத்தனை வருடம் அதிலிருந்து பல்லவிக்கு வேண்டிய வரிகளை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன், முன்னும் பின்னும் வாசித்ததில்லை. இப்போது வாசித்தால் அது வேறு புத்தகமாக இருக்கிறது.

எழுதின யோவான் பத்மு என்ற தீவில் இருக்கிறார். தேவவசனத்தினிமித்தம் அங்கே இருந்ததாக முதலாம் அதிகாரத்தில் தானே சொல்கிறார். ரோமப் பேரரசன் தொமித்தியான் ராயனின் காலம் என்று பழைய சபைப் பாரம்பரியம் சொல்கிறது, முதலாம் நூற்றாண்டின் கடைசி. அவர் கடிதம் அனுப்பிய ஏழு சபைகளும் இருந்த ஆசியா மாகாணத்தில் ராயனுக்குக் கோவில் கட்டித் தூபம் காட்டினார்கள். அந்த இடத்துக்குத்தான் நாலாம் அதிகாரம் போய்ச் சேருகிறது. பரலோகத்தில் ஒரு சிங்காசனம், அதைச் சுற்றி இருபத்துநான்கு மூப்பர்கள். அவர்கள் தங்கள் கிரீடங்களைக் கழற்றி அதன் முன்னே வைத்து, ‘தேவரீர் மகிமையையும் கனத்தையும் வல்லமையையும் பெற்றுக்கொள்ளுகிறதற்குப் பாத்திரராயிருக்கிறீர்’ என்கிறார்கள். கிரீடம் கழற்றுவதை அந்தக் காலத்து ஆட்கள் வேறு இடத்தில் கேள்விப்பட்டிருப்பார்கள். 63-ஆம் ஆண்டில் ஆர்மீனிய அரசன் திரிதாத்தஸ் நீரோவின் சிலைக்கு முன்னால் தன் முடியைக் கழற்றி வைத்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் தசித்துஸ் எழுதியிருக்கிறார். ராயனுக்குச் செய்கிற மரியாதையை எடுத்து வேறொருவருக்குச் செய்து காட்டுகிறது பாட்டு. சோதனைச்சாவடியில் வரிசையில் நின்றுகொண்டு வாய்விட்டுப் பாடுகிற மாதிரி என்று வைத்துக்கொள். சிங்காசனம் என்ற சொல் அந்த ஒரு புத்தகத்தில் மட்டும் நாற்பது தடவைக்கு மேல் வருகிறது. அடிக்கடி சொல்லவேண்டி இருந்திருக்கிறது.

அடுத்த அதிகாரத்தில் ஒரு மூப்பர் யோவானிடம், அழாதே, யூதா கோத்திரத்துச் சிங்கம் ஜெயங்கொண்டிருக்கிறது என்கிறார். (சிங்கம் என்றால் நமக்கு வேறு ஞாபகம் வரும். அதை விடு.) திரும்பிப் பார்த்தால் அங்கே சிங்கத்தைக் காணவில்லை. ‘அடிக்கப்பட்டவண்ணமாயிருக்கிற ஒரு ஆட்டுக்குட்டி’ நிற்கிறது. சிங்காசனத்துக்கு மத்தியில், காயத்தோடு. உன் கேள்விக்கு நான் அண்டைக்கு இந்த இடத்தைக் காட்டியிருக்க வேண்டும். காட்டியிருந்தாலும் நீ எழும்பித்தான் போயிருப்பாய், அது வேறு.

ஆனால் என்னைப் பிடித்து இருத்தியது ஆறாம் அதிகாரம். பலிபீடத்தின் கீழே, கொல்லப்பட்டவர்களுடைய ஆத்துமாக்கள். பரலோகம்தான் அது. சிங்காசனத்துக்குப் பக்கம்தான். அங்கே இருந்துகொண்டு அவர்கள் பாடவில்லை. ‘எங்கள் இரத்தத்தைக்குறித்து எதுவரைக்கும் நியாயத்தீர்ப்புச்செய்யாமலும் பழிவாங்காமலும் இருப்பீர்’ என்று மகா சத்தமிட்டுக் கூப்பிடுகிறார்கள். ஒருவரும் அவர்கள் வாயைப் பொத்தவில்லை, இது துதிக்கிற இடம் என்று சொல்லவில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறுங்கள் என்று பதில் வருகிறது. கொல்லப்படப்போகிறவர்களின் தொகை நிறைவாகுமட்டும். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று மாதமாக வாசிக்கிறேன், இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி அங்கே கேட்கப்படுகிறது. அது போதும் என்று சொல்ல வரவில்லை, கேட்கப்படுகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

அப்புறம் எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம். ஆட்டுக்குட்டி கையிலிருக்கிற புத்தகச்சுருளின் ஏழாம் முத்திரை உடைகிறது, ‘பரலோகத்தில் ஏறக்குறைய அரைமணிநேரமளவும் அமைதல் உண்டாயிற்று.’ இரவும் பகலும் ஓய்வில்லாமல் பரிசுத்தர் பரிசுத்தர் பரிசுத்தர் என்று சொல்லிக்கொண்டிருந்த இடம் வாயை மூடிக்கொள்கிறது. அந்த அமைதலுக்குள் ஒரு தூதன் பொற்கலசத்தோடு வருகிறான், தூபவர்க்கத்தின் புகையோடு பரிசுத்தவான்களின் ஜெபங்கள் மேலே எழும்புகின்றன. கீழே இருக்கிறவர்களின் சத்தம் கேட்கட்டும் என்றுதான் மேலே பாட்டை நிறுத்தினார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். போதகர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

அல்லேலூயாவை நாம் எங்கெல்லாம் போடுகிறோம் பார். அடிக்கு அடி, மூச்சு வாங்க இடம் வேண்டுமென்றாலும் ஒரு அல்லேலூயா. சங்கீதங்களிலும் அது 104-ஆவதின் கடைசி வரியில்தான் முதன்முதலாகத் தலை காட்டுகிறது. புதிய ஏற்பாடு முழுவதிலும் நாலே நாலு தடவை, நாலும் வெளிப்படுத்தல் 19-இல். முதல் தடவை வரும்போது கூடவே காரணமும் வருகிறது: தம்முடைய ஊழியக்காரரின் இரத்தத்திற்காகப் பழிவாங்கினார் என்று. ஆறாம் அதிகாரத்தில் கேட்ட கேள்வியை ஒருவரும் மறக்கவில்லை. அது முடிந்த பிறகுதான் ‘அல்லேலூயா, சர்வவல்லமையுள்ள தேவனாகிய கர்த்தர் ராஜ்யபாரம்பண்ணுகிறார்’ என்ற சத்தம் எழும்புகிறது, பெருவெள்ள இரைச்சல் போல. நான் என்ன செய்தேன்? ஆறையும் எட்டையும் தாண்டிக் குதித்து உங்களைப் பத்தொன்பதில் கொண்டுபோய் இருத்தி, கைதட்டச் சொன்னேன். கையில் சிரட்டை ஈரம்கூடக் காயவில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஐந்தாம் அதிகாரத்தின் முடிவில் ‘வானத்திலும் பூமியிலும் பூமியின் கீழுமிருக்கிற சிருஷ்டிகள் யாவும்’ பாடுகின்றன, சமுத்திரத்துக்குள் இருக்கிறவையும். பூமியின் கீழும் என்ற இடத்தில் நிற்காமல் எத்தனை தடவை பாடியிருக்கிறேன். இந்தமுறை அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். எனக்கு மாத்தளன் மணல் தெரிந்தது. பங்கர் வெட்டின அதே மண்வெட்டியால்தானே பெரியக்காவுக்கும் வெட்டினீர்கள். முல்லைத்தீவுக் கடல் 2004 மார்கழியில் கொண்டுபோனவர்களும் அந்த வசனத்துக்குள் இருக்கிறார்கள்.

போன ஞாயிறு சங்கீதம் 13 வாசித்தோம், ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?’ இராகம் போடவில்லை. அதற்குப் பிறகு சும்மா இருந்தோம். அரைமணி நேரம் என்று சொல்லித்தான் தொடங்கினேன். தகரம் சூட்டில் டக் டக் என்றது. சிறுபோக அறுவடை நடக்கிறதால் லாண்ட்மாஸ்டர் ஒன்று நெல்மூட்டையோடு போனது. முன்வரிசைப் பெடியன் தகப்பனிடம், இன்னும் எவ்வளவு நேரம் என்று காதுக்குள் கேட்டது எல்லாருக்கும் கேட்டது. பின்னால் ஒரு அம்மா அழுதா, யாரென்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நிமிடம்தான் தாங்கினோம். பிறகு பாட்டும் இல்லாமல் ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

மிருதங்கம் அங்கேதான் இருக்கிறது, உறை போட்டு அலுமாரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நீ போன அவசரத்தில் அதன் இடப்பக்கத் தோலில், தொப்பியில், போட்ட ரவையைச் சுரண்டாமல் போய்விட்டாய். அது காய்ந்து வெடித்துத் தோலோடு ஒட்டிக் கிடக்கிறது. நான் கைவைத்தால் தோலைக் கிழித்துவிடுவேன் என்று பயம். வாசிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்து அதை மட்டும் சுரண்டிவிட்டுப் போ. திறப்பு வழமையான இடத்தில் இருக்கிறது.

அக்கா