முதல் கணினிக்குத் தண்ணீர்க் குழாய் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாகக் கணினி கட்டிக்கொள்ள விரும்பும் மாணவர்களுக்காகத் தங்கள் இளைஞர் இணைப்பில் சென்ற ஞாயிறு வெளியான கட்டுரையைப் படித்தேன். பாகங்களைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பகுதி பயனுள்ளது. ஆனால், நம் ஊர் வெயிலுக்குச் சாதாரண விசிறி தாங்காது, குழாயில் திரவத்தைச் சுற்றவிட்டுக் குளிர்விக்கும் லிக்விட் கூலர் போட்டுக்கொள்வதே பாதுகாப்பு என்று அதில் வந்த அறிவுரையை என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. நான் வேலூரில் கணினி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறவள். திங்கட்கிழமை காலையில் ஒரு தந்தை அந்தப் பக்கத்தைக் கத்தரித்து எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். மகள் பொறியியல் முதலாண்டு சேர்ந்திருக்கிறாள். கல்விக் கடனோடு சேர்த்துக் கணினிக்கும் பணம் புரட்டியிருக்கிறார். கூலருக்கு மட்டும் பதினைந்தாயிரம் ரூபாய் ஒதுக்க வேண்டுமா என்பது அவர் கேள்வி. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். ஏன் வேண்டாம் என்பதைத் தங்கள் வாசகர்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

வேலூர் வெயில் எப்படிப்பட்டது என்பது ஊரறிந்தது. அக்னி நட்சத்திர நாட்களில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே அல்ல. அதனால்தான் இந்த அறிவுரை எங்கள் ஊர்க்காரர்களுக்கு நியாயமாகத் தோன்றுகிறது. ஆனால் கூலர் எந்த வகையானாலும், கணினியின் மூளையான பிராசஸரின் சூட்டைக் கடைசியில் அறைக் காற்றில்தான் கொண்டுபோய்க் கொட்டுகிறது. டவர் கூலரில், பிராசஸர்மேல் நிற்கும் உலோகத் தகடுகளிலிருந்து விசிறி அதைத் தள்ளுகிறது. லிக்விட் கூலரில், பம்ப் திரவத்தைச் சுற்றவிட, அது சூட்டை, பாகங்களை அடக்கிய கேபினட்டின் ஓரத்திலுள்ள ரேடியேட்டர் என்ற தகடுக் கூட்டுக்குக் கொண்டுபோகிறது. அங்கேயும் அதைத் தள்ளுவது விசிறிதான். அறை 28 டிகிரியில் இருக்கும்போது ஒரு வேலைக்குப் பிராசஸர் 68 காட்டினால், அறை 38 ஆனதும் அதே வேலைக்கு ஏறக்குறைய 78 காட்டும். இந்தப் பத்து டிகிரி உயர்வு இரண்டு வகைக்கும் பொது. வெயில் கூடுகிறது என்பதற்காகத் தண்ணீருக்குத் தனிச் சக்தி எதுவும் வந்துவிடுவதில்லை.

தண்ணீர் என்றதும் நம் மனத்தில் மண்பானை வந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். பானைத் தண்ணீர் அறையைவிடக் குளிர்ந்திருப்பது, பானையின் நுண்துளைகள் வழியே கசிந்து ஆவியாகிற நீர் சூட்டை எடுத்துச் செல்வதால். கணினியில் திரவம் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. அங்கே ஆவியாக வழியில்லை. ஆகவே அறை வெப்பநிலைக்குக் கீழே அது ஒருபோதும் இறங்காது. குளிர்ந்த குழாயில் நீர் வியர்த்து, பாகங்களை இணைக்கும் மதர்போர்டில் சொட்டுமோ என்று சில பெற்றோர் அஞ்சுவதற்கும் பதில் இதுவே. அறையைவிடக் குளிராத குழாய் வியர்க்காது.

தண்ணீரின் பெருமையைக் குறைப்பது என் நோக்கமன்று. ஒரே கொள்ளளவில் எடுத்துக்கொண்டால், காற்றைவிட ஏறக்குறைய 3,500 மடங்கு வெப்பத்தைத் தண்ணீர் உள்வாங்கும். அந்தக் குணத்தால்தான், பிராசஸர் இருக்கும் நெருக்கமான இடத்திலிருந்து சூட்டைத் தள்ளிக்கொண்டு போய், மூன்று 120 மி.மீ. விசிறிகள் பொருந்தும் 360 மி.மீ. ரேடியேட்டரில் பரப்ப முடிகிறது. பரப்பு பெரிதானால் விசிறி மெதுவாகச் சுழன்றாலே போதும். சுமை திடீரென்று ஏறும்போதும் திரவம் மெல்லத்தான் சூடாகும். ஆனால் பலரும் அறியாத ஒன்று: டவர் கூலரின் செப்புக் குழாய்களுக்குள்ளும் பெரும்பாலும் தண்ணீர்தான் இருக்கிறது. காற்று நீக்கப்பட்ட குழாய்க்குள் சில துளி நீர் சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் மீண்டும் நீராகி, உள்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்பி வருகிறது. ஹீட் பைப் எனப்படும் இதை அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் 1963-இல் செய்து காட்டினார். இதற்குப் பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தண்ணீரின் பயனை மாணவர்கள் இந்த எளிய வடிவில் ஏற்கெனவே மலிவாகப் பெறுகிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது எந்தப் பிராசஸர், அது எவ்வளவு மின்சாரத்தை இழுத்துச் சூடாகிறது என்பதைத்தான். தங்கள் கட்டுரை அதைக் கேட்கவேயில்லை. முதல் கணினி கட்டும் மாணவர்கள் அதிகம் வாங்குகிற வகைகளில் ஒன்று இன்டெல் கோர் ஐ5-12400. அதன் அடிப்படை மின் அளவு 65 வாட். உச்சத்தில் 117 வாட். ஏ.எம்.டி. ரைசன் 5 7600 என்பதும் 65 வாட் வகைதான். இரண்டையும் பெட்டியோடு வாங்கினால் கூலர் உள்ளேயே வருகிறது. அந்தக் கூலர் கொஞ்சம் இரைச்சல் போடும், வேலையைச் செய்துவிடும். இரைச்சல் பிடிக்காவிட்டால், நான்கு ஹீட் பைப்பும் 120 மி.மீ. விசிறியும் உள்ள டவர் கூலர் மூவாயிரம் ரூபாய்க்குள் எங்கள் கடைகளில் கிடைக்கிறது. இப்படிப்பட்ட பிராசஸருக்கு 360 மி.மீ. ரேடியேட்டர் மாட்டுவதால் வேகம் கூடாது. 75 டிகிரியில் ஓடினாலும் 60 டிகிரியில் ஓடினாலும் செய்முறைப் பாடத்து நிரல் ஒரே நேரத்தில்தான் முடியும். ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு வரம்பு 95 டிகிரி என்று தயாரிப்பாளரே வகுத்திருக்கும்போது, 75 என்ற எண்ணைத் திரையில் கண்டு பதற வேண்டியதில்லை.

கோர் ஐ9-14900கே போன்ற பிராசஸர் வேறு சாதி. உச்சத்தில் 253 வாட் இழுக்கும். மணிக்கணக்கில் காணொளி ரெண்டர் செய்பவருக்கு 360 மி.மீ. லிக்விட் கூலரை நானே மாட்டிக் கொடுக்கிறேன். கேபினட் குறுகலாக இருந்து 155, 160 மி.மீ. உயரமுள்ள டவர் உள்ளே நுழையாவிட்டாலும் அதைத்தான் பரிந்துரைக்கிறேன். கட்டிய கணினியை லாரியில் ஏற்றி வெளியூர் அனுப்புபவருக்கும் அது பொருந்தும். நாக்டுவாவின் என்.ஹெச்.-டி15 போன்ற பெரிய டவர் கூலர், விசிறிகளோடு சேர்த்து 1.3 கிலோ எடை. குலுக்கலில் மதர்போர்டைப் பிடித்து இழுக்கும். இவர்கள் யாரும் முதன்முதலாகக் கணினி கட்டும் பதினெட்டு வயதுப் பிள்ளைகள் அல்லர்.

கேம் விளையாடத்தான் வாங்குகிறோம் என்று சொல்லும் பிள்ளைகளிடம், திரையில் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டை நான் காட்டுவேன். விளையாட்டின்போது பெருஞ்சூடு அங்கிருந்துதான் வருகிறது. ஆர்.டி.எக்ஸ். 4070 என்ற கார்டு மட்டுமே 200 வாட். பிராசஸர்மேல் மாட்டிய லிக்விட் கூலர் அதைத் தொடுவதே இல்லை. ரேடியேட்டரைக் கேபினட்டின் மேல்தளத்தில் மாட்டினால், கார்டு கக்கிய சூடான காற்றே அதன் வழியாக வெளியேறுகிறது. முன்பக்கம் முழுவதும் கண்ணாடி வைத்து மூடிய கேபினட்டைக் கழித்துவிட்டு, வலைமுகப்பும் முன்னே இரண்டு பின்னே ஒன்று என விசிறிகளும் உள்ள கேபினட்டை வாங்குவது எந்தக் கூலரையும்விட அதிகப் பயன் தரும்.

பழுதுபார்ப்பவள் என்ற முறையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. டவர் கூலரில் கெட்டுப்போகக் கூடியது விசிறி ஒன்றுதான். நின்றுவிட்டால் கண்ணுக்குத் தெரியும். சில நூறு ரூபாயில் வேறு வாங்கிக் கம்பிக் கொக்கியில் மாட்டிவிடலாம். அதுவரையிலும் ஹீட் பைப் தன் பங்குக்குச் சூட்டைக் கடத்திக்கொண்டிருக்கும். ஏ.ஐ.ஓ. எனப்படும் மூடிய லிக்விட் கூலரில் பம்ப் நின்றுபோனால் வெளியே ஒன்றும் தெரியாது. விசிறிகள் வழக்கம்போலச் சுழலும், வண்ண விளக்குகள் எரியும். உள்ளே திரவம் அசையாமல் நிற்க, பிராசஸர் ஓரிரு நிமிடங்களில் தன் வரம்பைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இறுதியாண்டு மாணவர் ஒருவர் இப்படித்தான் வைரஸ் என்று நினைத்து விண்டோஸை மீண்டும் மீண்டும் நிறுவிக் களைத்துப்போய் என் கடைக்கு வந்தார். புராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரம் அது. பம்பைத் தனியாக மாற்ற இயலாது. கூலர் முழுவதையும் கழற்றிப் போட வேண்டியதாயிற்று. குழாயின் சுவர் வழியாகவும் திரவம் ஆண்டுக்கணக்கில் மிக மெதுவாகக் குறைந்துகொண்டுதான் இருக்கும். பெரும்பாலான மாடல்களில் மீண்டும் நிரப்ப வழி கிடையாது. ஆக, அது சில ஆண்டுகளில் மாற்ற வேண்டிய பொருள். வாங்கும்போதே அதை எடுத்துச் சொல்லும் கடைக்காரர்கள் குறைவு.

கசிவு அடிக்கடி நடப்பதில்லை. அதைச் சொல்லி யாரையும் மிரட்ட மாட்டேன். ஆனால் பெரிய நிறுவனங்களுக்கும் அது நேர்ந்திருக்கிறது. ஆப்பிள் 2004-இல் வெளியிட்ட 2.5 கிகாஹெர்ட்ஸ் பவர் மேக் ஜி5 திரவத்தால் குளிர்விக்கப்பட்டது. பின்னாளில் திரவம் கசிந்து உள்பாகங்கள் அரிக்கப்பட்ட அனுபவம் அதை வைத்திருந்த பலருக்கு உண்டு. ஆர்க்டிக் நிறுவனம் தன் லிக்விட் ஃப்ரீஸர் II கூலர்களில் சிலவற்றின் ரப்பர் அடைப்பில் குறை இருப்பதை 2022-இல் தானே அறிவித்து, மாற்றுப் பாகங்களை இலவசமாக அனுப்பியது. அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனாலும் கூலரைப் பிரித்து ரப்பர் வளையம் மாற்றும் வேலையை முதன்முதலாகக் கணினி வைத்திருப்பவர் தலையில் கட்டலாமா?

பம்ப், குழாய், தொட்டி, ரேடியேட்டர் எல்லாவற்றையும் தனித்தனியே வாங்கிக் கட்டும் கஸ்டம் லூப் பக்கம் புதியவர்கள் போகவே கூடாது. செலவு நாற்பதாயிரத்தைத் தாண்டிவிடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரே சுற்றில் செம்பும் அலுமினியமும் கலந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கிவிடும். விலை மலிவாகக் கிடைத்ததே என்று அலுமினிய ரேடியேட்டரை, பிராசஸர்மேல் அமரும் செப்புப் பிளாக்கோடு இணைத்து, அதில் கேன் தண்ணீரை ஊற்றிய ஒரு கணினி என் கடைக்கு வந்தது. பிளாக்கைத் திறந்தபோது முடியிழை போன்ற நுண்கால்வாய்கள் பச்சையும் வெள்ளையுமாக அடைத்துக் கிடந்தன. காய்ச்சி வடித்த நீரும், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் சேர்மமும் உள்ள திரவத்தைத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றிய பிறகு மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு முழுநாள் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் காகிதம் விரித்து ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது வடித்துக் கழுவ வேண்டும். செய்து பழகினால் மிக அழகான கைவேலை இது. எனக்கு மிகவும் பிடித்த வேலையும்கூட. ஆர்வமுள்ள மாணவர்கள், கெட்டுப்போனாலும் வருத்தமில்லாத பழைய கணினி ஒன்றில் இதைக் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு உதவி கேட்டு வருபவர்களை நான் திருப்பி அனுப்புவதில்லை.

நம் தெருப் புழுதிக்கும் ஒரு வார்த்தை. எந்தக் கூலராயினும் தகடுகளுக்கிடையே தூசி அடைந்தால் பயனில்லை. டவர் கூலரின் விசிறியைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் பத்து நிமிடத்தில் வீட்டிலேயே துடைத்துவிடலாம். ரேடியேட்டரின் நெருங்கிய மெல்லிய தகடுகளுக்கு, விசிறி மூன்றையும் அவிழ்த்து, குழாய் வளையாமல் தாங்கிப் பிடித்து ஊத வேண்டும். விடுதி அறையில் யார் அதைச் செய்வார்கள்?

பணத்தைப் பற்றி அந்தத் தந்தையிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். லிக்விட் கூலருக்கு ஒதுக்கிய பதினைந்தாயிரத்தில் மூவாயிரத்துக்குக் கூலர் வாங்கிய பின் மீதியிருப்பதில், கணினிக்கு மின்சாரம் பிரித்துத் தரும் நம்பகமான எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாம், அல்லது மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ். இவற்றின் பயனை மாணவர்கள் ஒவ்வொரு நாளும் உணர்வார்கள். டவர் கூலரைத் தாங்களே மாட்ட விரும்பினால், கேபினட் எத்தனை மி.மீ. உயரத்தை ஏற்கும் என்று பார்த்துக்கொண்டு, அடிப்பகுதியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டட்டும். புதுக் கணினி கொதிக்கிறது என்று என்னிடம் வருபவற்றில் அந்தத் தாளை உரிக்காதவை நிறைய.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் ஒவ்வொரு பிராசஸருக்கும் எத்தனை வாட், அதற்குப் பெட்டியிலுள்ள கூலர் போதுமா என்ற விவரத்தைச் சேர்க்க வேண்டுகிறேன். லிக்விட் கூலர் வாங்கியே தீருவேன் என்பவர்களுக்காக ஒரு கேள்வியையும் அச்சிடுங்கள்: திரவம் கசிந்து மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் கெட்டால் அந்த இழப்பையும் உத்தரவாதம் ஏற்குமா? சில தயாரிப்பாளர்கள் ஏற்கிறார்கள். கடைக்காரர் இதற்கு எழுத்தில் பதில் தரும்வரை பணம் கட்ட வேண்டாம் என்று பெற்றோருக்குத் தங்கள் நாளிதழ் சொன்னால், என் கடையில் நான் சொல்வதைவிட அது பல வீடுகளுக்குப் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுபார்ப்பவர், வாசகி,
சத்துவாச்சாரி, வேலூர்.